குதிரை தலையை உதறுகிறதா? பவர் பிட் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ஏறி உட்கார்ந்து வாரைக் கையில் எடுத்ததும் குதிரை தலையை வானத்துக்குத் தூக்குகிறது, வாயைப் பிளக்கிறது, ஒரு பக்கமாகவே இழுக்கிறது, இல்லாவிட்டால் மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு நம் கைக்கு எதுவுமே கிடைக்காதபடி நழுவுகிறது. புதிதாகக் குதிரை வாங்கிய பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆலோசனை கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பவர் பிட் போடு, மூக்குப்பட்டையை இறுக்கு, தலையைக் கீழே இழுத்துக் கட்டு. எனக்கும் எல்லாம் சொன்னார்கள். குமரி மாவட்டத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வழி சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், குதிரை வாய்க்கு அப்படி யாரும் சிக்குவதில்லை. அதனால் அலைந்து திரிந்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வரிசை முக்கியம். முதலில் வாய், அப்புறம் பட்டைகள், அப்புறம் பிட், கடைசியில் நம் கை. பெரும்பாலானவர்கள் மூன்றாவதில் தொடங்கிக் காசைக் கரைக்கிறார்கள். வலிக்கிற வாயில் எந்த பிட்டைப் போட்டாலும் வலிக்கத்தான் செய்யும்.

ஒரு சின்ன விளக்கம். இந்தக் கட்டுரையில் ‘பிட்’ என்றால் வாய்க்குள் போகிற கம்பி. ‘பவர் பிட்’ என்றால் நம் இழுப்பைப் பலமடங்காக்கும் கடுமையான வகை. ‘வார்’ என்றால் நாம் கையில் பிடிப்பது. கடிவாளம் என்றால் தலையில் மாட்டும் முழு செட்டும்.

1. வாய்க்குள் கை விடும் முன்

புதிதாக வாங்கிய குதிரை என்றால், அதிலும் சந்தையில் வாங்கியது என்றால், முதலில் மூக்கைப் பாருங்கள். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் பல ஊர்க் குதிரைகள் வந்து கூடும். கூட்டம் கூடுகிற இடத்தில் நோயும் கூடும். மூக்கிலிருந்து கெட்டியாகச் சளி வடிகிறது, மூக்குத் துவாரத்துக்குள் புண்ணோ முடிச்சோ தெரிகிறது என்றால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம். மனிதருக்கும் தொற்றும். இது 2009-ம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய், மறைத்தால் சட்டச் சிக்கலும் வரும். உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட்டு, குதிரையைத் தனியாகக் கட்டுங்கள்.

இன்னொன்று வெறிநாய்க்கடி. குதிரைக்கும் ரேபிஸ் வரும். திடீரென்று நிறைய எச்சில் ஒழுகுகிறது, தண்ணீர் விழுங்க முடியவில்லை, குணம் மாறியிருக்கிறது என்றால் பல்லில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டுவிடக் கூடாது. யாராவது ஏற்கெனவே கை விட்டிருந்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, நேராக ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசி போட வேண்டும். இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது.

இரண்டும் இல்லை, குதிரை நன்றாகத் தின்கிறது, வாரைப் பிடித்தால்தான் தகராறு என்றால் மேலே போகலாம்.

2. வாயைத் திறந்து பாருங்கள்

எனக்கு முதலில் உருப்படியான ஒரு வழியைக் காட்டியவர், தக்கலைப் பக்கம் அந்தக் காலத்தில் வண்டிக்குதிரை ஓட்டிய ஒரு பெரியவர். குதிரையின் குறைகளை எல்லாம் நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் கேட்டது ஒன்றுதான்: “மக்கா, வாயத் தெறந்து பாத்தியா?”

குதிரையின் முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு. பிட் உட்காருவது அங்கேதான். அங்கே எலும்பின் மேல் மெல்லிய ஈறு மட்டும்தான், மெத்தை மாதிரி சதை எதுவும் கிடையாது. அந்த இடைவெளிக்கு நேராக, கடைவாய் வழியாக விரலை உள்ளே விட்டு மேல் அண்ணத்தில் லேசாக அழுத்தினால் குதிரை தானாக வாயைத் திறக்கும். ஒருவர் ஹால்ட்டரை (பிட் இல்லாத தலைக்கயிற்றை)ப் பிடித்துக்கொள்ளட்டும், குதிரையைக் கட்டிப்போட்டுக்கொண்டு பார்க்காதீர்கள், பின்னால் இழுத்துக் கயிறு அறுந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. நாக்கை ஒதுக்கிப் பிடிக்கலாம், வெளியே இழுத்துத் தொங்கக் கூடாது. நாக்கின் வேர் தொண்டை எலும்போடு சேர்ந்தது.

மொபைல் டார்ச் போதும். பார்க்க வேண்டியவை இவை.

உதட்டோரம்: வெடிப்பு, சிவப்பு, முடி இல்லாத வெள்ளைத் தழும்பு. தழும்பு என்றால் பழைய கதை, வெடிப்பு என்றால் இப்போதைய கதை.

பல் இல்லாத ஈறு: கட்டைவிரலால் இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் அழுத்தும்போது மட்டும் தலையை வெடுக்கென்று இழுத்தால் அங்கேதான் நோவு. வடக்கேயிருந்து வரும் மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் சிலவற்றுக்கு முள் பிட் போட்டுப் பழக்கியிருப்பார்கள். தடவினால் எலும்பு மேடுபள்ளமாகத் தட்டுப்படும். முள் வைத்த பிட்டைப் பயன்படுத்துவது 1965-ம் ஆண்டு வண்டி, பொதி விலங்குகள் விதிகளின்படி தடை செய்யப்பட்டது. குதிரையோடு சேர்த்து அந்த பிட்டையும் கொடுத்திருந்தால் வாங்கி மாட்டாதீர்கள்.

நாக்கு: குறுக்கே வெட்டு, பழைய பள்ளம்.

கன்னத்தின் உள்பக்கம்: புண். குதிரையின் மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் மெல்ல மெல்ல மேல் கடைவாய்ப்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் தேயாமல் கத்தி போலக் கூர்மையாகும். மூக்குப்பட்டையை இறுக்கினால் கன்னம் நேராக அந்தக் கூர் மேல் அழுந்தும். ‘மூக்குப்பட்டையை இறுக்கு’ என்ற ஆலோசனை ஏன் ஆபத்து என்று இப்போது புரிந்திருக்கும்.

கடைசியாக உல்ஃப் டூத். முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால், பெரும்பாலும் மேல்தாடையில், சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குட்டியாக ஒரு பல் சில குதிரைகளுக்கு இருக்கும். பிட் அதில் இடித்தால் தலையை உதறும். ஆண் குதிரைக்கு நாலைந்து வயதில் வருகிற கோரைப்பல் வேறு, அது இன்னும் முன்னால் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பார்த்ததை எல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, போட்டோவும் எடுத்து வையுங்கள். டாக்டரிடம் போகும்போதும் நாளை குதிரையை விற்கும்போதும் இந்த நோட்டு கைகொடுக்கும்.

வாய்க்கு வெளியேயும் அறிகுறி உண்டு. பாதி மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுகிறது, சாணத்தில் கொள்ளு முழுசாக வருகிறது, வாயில் கெட்ட வாடை, தலையைச் சாய்த்துக்கொண்டு மெல்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த படிக்குப் போங்கள், பிட் கடைக்குப் போகாதீர்கள்.

3. பல் ராவுவது: யாரிடம், எப்போது, எவ்வளவு

கூர்மையான ஓரங்களை அரத்தால் ராவி மழுங்கடிக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குதிரைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் வருடத்துக்கு ஒருமுறையும் வாயைக் காட்டுவது நல்லது. இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் காலம். நேற்றுவரை ஒழுங்காக இருந்த குட்டி இன்று பிட்டைப் பார்த்ததும் தலையைத் திருப்பினால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

நம் மாவட்டத்தில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போகும் முன் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “குதிரை வாயைத் திறந்து வைக்கிற ‘மவுத் கேக்’ கருவியும் பல் ராவுகிற அரமும் இருக்கா சார்?” டாக்டர் திறமையானவராக இருந்தாலும் கருவி இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, குதிரையை வண்டியில் ஏற்றி இறக்கியதுதான் மிச்சம். இல்லை என்றால் அடுத்த வழி திருநெல்வேலி இராமையன்பட்டியில் இருக்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி. நாகர்கோவிலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். அங்கேயும் முன்கூட்டியே பேசி நாள் வாங்கிக்கொண்டு, காலையிலேயே போய்ச் சேருங்கள். 1962 நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி அவசரத்துக்கு உதவும், பல் ராவுவதற்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, அரசு இடங்களில் சிகிச்சைக்கு ஆவது சொற்பம், வண்டி வாடகைதான் பெரிது. வெளியூரிலிருந்து தனியார் குதிரை டாக்டரை வரவழைத்தால் மயக்க ஊசி, வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்து எனக்கு ₹5,000-க்குள் முடிந்தது. மார்த்தாண்டம், குளச்சல், கன்னியாகுமரிப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் பேசி வைத்து ஒரே நாளில் நாலைந்து குதிரைக்குப் பார்த்தால் வண்டிச் செலவு பங்காகிவிடும். நான் அடித்துச் சொல்லும் யோசனை இது.

காகிதங்களை மறக்க வேண்டாம். குதிரையை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதென்றால், பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், விலங்குகளை ஏற்றிச்செல்லும் 1978-ம் ஆண்டு விதிகள் அதைக் கேட்கின்றன. திருவனந்தபுரம் பக்கம்தானே என்று களியக்காவிளை தாண்டுகிறவர்கள் இதில் கவனமாக இருங்கள். அது வேறு மாநிலம், செக்போஸ்டில் காகிதம் கேட்டால் இருக்க வேண்டும். குதிரை வாங்கிய ரசீது, தடுப்பூசிப் பதிவு இரண்டின் நகலையும் அதோடு சேர்த்து வையுங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாகிறது என்றும் பாருங்கள். டெட்டனஸ் மிக எளிதில் தாக்கும் விலங்கு குதிரை. வாய்ப்புண், பல் பிடுங்குவது இரண்டுக்குமே இது அவசியம்.

இதில் உள்ள கண்ணி: “நானே இடுக்கி வச்சு அந்தக் குட்டிப் பல்லைப் பிடுங்கித் தர்றேன், டாக்டருக்கு எதுக்குக் காசு” என்று ஒருவர் நிச்சயம் வருவார். மரத்துப்போகும் ஊசி இல்லாமல் பிடுங்கினால் பல் முறிந்து வேர் உள்ளே தங்கும், அந்த வலியைக் குதிரை மறக்காது, அதன் பிறகு காதருகில் கையைக் கொண்டுபோனாலே பின்வாங்கும்.

4. புண் இருந்தால் பிட்டுக்கு லீவு

உதட்டோர வெடிப்புக்குக் குறைந்தது இரண்டு வாரம். ஈறில் புண் என்றால் டாக்டர் சொல்கிற வரை. தீனி தின்றதும் லேசான உப்புத்தண்ணீரால் வாயைக் கழுவிவிடலாம்.

அதுவரை குதிரை சும்மா நிற்க வேண்டியதில்லை. ஹால்ட்டர் போட்டுக் கையில் பிடித்து நடத்துங்கள், நீளக்கயிற்றில் வட்டம் ஓட்டுங்கள். சவாரி செய்தே ஆக வேண்டும் என்றால் சுற்றிலும் வேலி உள்ள இடத்தில் மட்டும், பிட் இல்லாத கடிவாளத்தில் மெதுநடை. கனிமம் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஓடும் ரோட்டில் இந்தப் பரிசோதனையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

சிலர் சைக்கிள் ட்யூபை வெட்டி பிட்டில் சுற்றினால் மென்மையாகிவிடும் என்பார்கள். வாய் ஈரமில்லாத நேரத்தில் ரப்பர் உதட்டில் ஒட்டி இழுத்துத் தோலை உரிக்கும், கடித்துப் பிய்த்தால் துண்டு தொண்டைக்குப் போகும். நம் மாவட்டத்தில் ரப்பருக்குப் பஞ்சமில்லை என்பதற்காகக் குதிரை வாயில் சுற்றத் தேவையில்லை.

5. பட்டைகள்

இது ஐந்து நிமிட வேலை, காசும் கிடையாது. நெற்றிப்பட்டை குட்டையாக இருந்தால் தலைப்பட்டையை முன்னால் இழுத்துக் காதின் அடியில் அழுத்தும், குதிரை தலையை உதறும், நாம் பிட்டைக் குறை சொல்வோம். காதின் பின்னால் விரல் எளிதாகப் போக வேண்டும். தொண்டைப்பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே நாலு விரலை நிமிர்த்தி வைக்க இடம் வேண்டும். மூக்குப்பட்டைக்குள் மூக்கெலும்பின் மேல்பக்கம் இரண்டு விரல் போக வேண்டும். பக்கவாட்டில் விட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள், அங்கே எப்போதும் இடம் இருக்கும். கன்னப்பட்டைகள் இரண்டும் ஒரே துளையில் மாட்டியிருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று மேல், ஒன்று கீழ் என்றால் ஒரு பக்கமாக இழுக்கத்தான் செய்யும். தோல் ஒரு பக்கம் நீண்டுபோயிருந்தால் துளை எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் நீளம் மாறும், கழற்றி இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்துவிடுங்கள்.

6. பிட் அளவு எடுப்பது

அகலம்தான் முதல் அளவு. ஒரு நூல்கயிற்றை பிட் உட்காரும் இடத்தில் வாய்க்குக் குறுக்காகப் பிடித்து, இரண்டு உதட்டோரத்திலும் பேனாவால் குறியிட்டு, ஸ்கேலில் வைத்து அளங்கள். ஓடும் வளையம் உள்ள பிட் என்றால் பக்கத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் கூட்டுங்கள். வளையம் அசையாத எக்பட் வகை என்றால் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் போதும். பிட்டை அளக்கும்போது இணைப்பை நேராக்கி, வளையத்தின் உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை அளக்க வேண்டும். 5 இன்ச் என்றால் 12.7 சென்டிமீட்டர், 5½ இன்ச் என்றால் 14 சென்டிமீட்டர்.

என் குதிரையோடு விற்றவர் கொடுத்தனுப்பிய பிட் அரை இன்ச்சுக்கு மேல் அகலம் கூடுதல். அகலமான பிட் பக்கவாட்டில் வழுக்கும், நடு இணைப்பு ஒரு பக்கம் ஒதுங்கி ஈறிலேயே ஏறி உட்காரும், ஒரு வாரை இழுத்தால் மறுபக்கத்து வளையம் உதட்டுக்குள் நுழையும். குறுகலான பிட் உதட்டை இரண்டு பக்கமும் நெரிக்கும். மார்வாரி, கத்தியவாரிக்கு முகம் ஒடுக்கமாக இருப்பதால் பெரும்பாலும் 4½ முதல் 5 இன்ச்சுக்குள் வரும், ரேஸிலிருந்து வந்த தரோப்ரெட்டுக்கு 5 அல்லது 5¼. ஆனால் இனத்தை வைத்து முடிவு செய்யாமல் அளந்தே வாங்குங்கள்.

அடுத்தது தடிமன். வளையத்திலிருந்து ஒரு இன்ச் உள்ளே தள்ளி அளப்பார்கள். பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் இருக்கும். தடியான பிட் மென்மையானது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது பாதிதான் உண்மை. வாயில் இடம் இருந்தால்தான் மென்மை. பல் இல்லாத இடைவெளியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். விரல் நன்றாக நெரிபட்டால் அந்த வாய்க்குள் நாக்கு போக மிச்ச இடம் குறைவு, 14 மில்லிமீட்டர் போதும். தாராளமாக இருந்தால் 16 வரை போகலாம். ரொம்ப மெல்லிய கம்பி சதையை அறுக்கும், அதை எந்த வாய்க்கும் போடாதீர்கள்.

உயரத்தைப் பற்றி ஒரு சூத்திரம் எல்லோருக்கும் தெரியும், உதட்டோரத்தில் இரண்டு சுருக்கம். அதை மட்டும் நம்ப வேண்டாம். உதடு தடித்த குதிரைக்குச் சுருக்கமே விழாது, மெல்லிய உதட்டுக்கு எளிதில் விழும். பிட் உதட்டோரத்தைத் தொட்டு, நிம்மதியாக உட்கார்ந்து, முன்னால் கோரைப்பல்லில் இடிக்காமல் இருந்தால் உயரம் சரி. கீழே தொங்கினால் நாக்கைத் தூக்கி பிட்டுக்கு மேலே போட்டுக்கொள்ளும், அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. மேலே ஏற்றினால் வாரைத் தொடாதபோதும் உதடு இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

7. எந்த பிட், எங்கே, என்ன விலை

புதியவருக்கும் புண் ஆறிய குதிரைக்கும் என் தேர்வு ஒன்றுதான்: இரட்டை இணைப்புள்ள எக்பட் ஸ்னாஃபிள் (நெம்புகோல் இல்லாத சாதாரண பிட்), நடுத்துண்டு உருண்டையாக, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். நடுத்துண்டு தட்டையாகச் சாய்ந்திருந்தால் அது டாக்டர் பிரிஸ்டல் எனப்படும் கடுமையான வகை, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கேட்டு வாங்குங்கள். வளையம் அசையாததால் பிட் வாயில் நிலையாக நிற்கும், நம் கை கொஞ்சம் ஆடினாலும் குதிரைக்குத் தொந்தரவு குறைவு. பிட்டை மென்றுகொண்டே இருக்கும் குதிரைக்கும், அதன்மேல் சாயும் குதிரைக்கும் ஓடும் வளையம் சில நேரம் நன்றாக இருக்கும்.

நெம்புகோல் மாதிரி கீழே நீண்ட கம்பியும் மோவாய்ச் சங்கிலியும் உள்ள பெல்ஹாம் போன்ற வகைகளைத்தான் ‘பவர் பிட்’ என்கிறார்கள். நம் கையின் இழுப்பைப் பலமடங்காக்கி வாயில் கொடுக்கும். கை பழகாதவர் கையில் அது எந்தப் பிரச்சினையையும் தீர்க்காது, வலியைக் கூட்டி அறிகுறியை அமுக்கும். அமுக்கிய அறிகுறி வேறு வழியில் வெளியே வரும், முன்காலைத் தூக்கி எழுவது அதில் மோசமானது.

நாட்டில் குதிரைத் தோல்சாமான்களுக்குப் பேர்போன ஊர் கான்பூர். ஆன்லைனில் ஆர்டர் செய்தால் பத்து நாளைக்குள் நாகர்கோவிலுக்கு வந்துவிடும். இந்தியத் தயாரிப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிட் ₹1,000-லிருந்து ₹2,500 வரை, வெளிநாட்டுப் பெயர் போட்டது அதற்கு மூன்று நான்கு மடங்கு. தொடக்கத்துக்கு இந்தியத் தயாரிப்பே போதும், சோதித்து வாங்கினால். வாயில் போட்ட பிட்டைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார், அதனால் வந்ததும் குதிரைக்கு மாட்டும் முன் அளந்து பாருங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். முடிந்தால் தெரிந்தவரிடம் அதே அளவு பிட்டை இரவல் வாங்கி, நன்றாகக் கழுவி மாட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

சோதனை எளிது. ஒரு பஞ்சை பிட் முழுவதும், இணைப்பு ஓட்டைகள், வளைய ஓட்டைகள் உட்படத் தேயுங்கள். எங்கே பஞ்சு சிக்குகிறதோ அங்கே உதடும் சிக்கும். காந்தம் பலமாக ஒட்டினால் இரும்பில் முலாம் பூசியதோ என்று சந்தேகப்படுங்கள். முலாம் உரிந்தால் விளிம்பு பிளேடாகிவிடும். பழைய பிட்டில் வளையம் ஓடி ஓடி ஓட்டை அகன்று கூர்மையாகியிருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

8. மாட்டிப் பழக்குவது

முதல் நாள் ஏறாதீர்கள். வார் இல்லாமல் பிட்டை மட்டும் மாட்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள். மாட்டும்போது கட்டைவிரலைக் கடைவாயில் விட்டு வாய் திறக்கும்வரை காத்திருங்கள், பல்லில் இடித்துத் திறக்க வைக்க வேண்டாம். கழற்றும்போதும் குதிரை தானே பிட்டைக் கீழே விடும்வரை பொறுமை வேண்டும், அவசரத்தில் உருவினால் முன்பல்லில் மாட்டும், அடுத்த நாள் தலையைத் தூக்கிக்கொள்ளும்.

பிறகு ஒரு வாரம் வெறும் நடை, கொஞ்சம் ட்ராட் (துள்ளுநடை). வேலி கட்டிய தென்னந்தோப்பு போதும். சங்குத்துறை, சொத்தவிளை கடற்கரைக்கு முதல் வாரத்திலேயே போக எல்லோருக்கும் ஆசை வரும். திறந்தவெளியில் ரேஸ் குதிரை ஓடத்தான் பார்க்கும், உலர்ந்த மணலில் கால் புதையும்போது களைத்துப்போய் முழுப் பாரத்தையும் உங்கள் கையில் போடும். அதைப் பார்த்து பிட் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கிற காற்றிலும் இப்படித்தான், காற்றுக்குக் குதிரை தலையைத் தூக்கி மிரளுவது பிட்டால் அல்ல. காற்று குறைந்த விடியற்காலையில் சோதித்துப் பாருங்கள்.

9. இப்போது நம் கை

வாயும் பட்டையும் பிட்டும் சரியான பிறகு மிச்சம் இருக்கிற தகராறில் பெரும்பகுதி கையில்தான் இருக்கிறது. வார் என்பது நிறுத்தும் கயிறு மட்டுமல்ல. முழங்கையிலிருந்து பிட் வரை ஒரே நேர்க்கோடாக, மெல்லிய, அறுபடாத ஒரு பிடிமானம் இருக்க வேண்டும். தளர்ந்து தளர்ந்து வெடுக்கென்று இறுகுவதுதான் குதிரைக்குப் பிடிக்காதது. கனமான பிடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளும், திடீர் வெட்டைப் பொறுக்காது.

நடையிலும் கேன்டரிலும் (மிதமான பாய்ச்சலிலும்) குதிரையின் தலை முன்னும் பின்னும் ஆடும், உங்கள் முழங்கை அதோடு விரிந்து மடங்க வேண்டும். ட்ராட்டில் தலை ஆடாது, ஆனால் உங்கள் உடம்பு ஏறி இறங்கும், அப்போது கை அதே இடத்தில் நிற்க முழங்கை வேறு விதமாக விரிந்து மடங்க வேண்டும். புதியவர்கள் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள்: நடையில் கையை இறுக்கி வைக்கிறார்கள், ட்ராட்டில் உடம்போடு கையையும் தூக்கிப் போடுகிறார்கள்.

கற்றுக்கொள்ளக் குதிரை தேவையில்லை. ஒருவர் பிட்டைக் கையில் பிடித்துக் கண்ணை மூடி நிற்கட்டும், மற்றவர் பின்னால் நின்று வாரைப் பிடிக்கட்டும். முன்னால் நிற்பவர் கையை முன்னும் பின்னும் நகர்த்த, பின்னால் இருப்பவர் பிடிமானம் அறுபடாமல் தொடர வேண்டும். இடம் மாறிச் செய்து பாருங்கள். நம் ஒரு விரல் அசைவு மறுமுனையில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைக் கண்ணை மூடி நிற்கும்போதுதான் உணர முடிகிறது. என் மருமகன்களோடு திண்ணையில் நின்று இதைச் செய்துவிட்டு ஏறினால் குதிரையே வேறு மாதிரி நடக்கிறது.

குதிரை மேல் ஏறியதும் கழுத்தில் ஒரு பட்டை கட்டிக்கொள்ளுங்கள். தடுமாறினால் வாரைப் பிடித்துத் தொங்காமல் அதைப் பிடிக்கலாம். ஒரு பழைய ஸ்டிரப் லெதரே (கால்மிதியைத் தொங்கவிடும் தோல்பட்டை) போதும். வாரில் இரண்டு பக்கமும் சம தூரத்தில் கலர் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்ற பிழை உடனே தெரியும்.

இனி அறிகுறிக்கு அறிகுறி. தலையைத் தூக்கினால் கையைக் கீழே அழுத்தாதீர்கள், ஈறில் நேராக அழுந்தி இன்னும் தூக்கும். நேர்க்கோடு மாறாமல் கையும் கொஞ்சம் மேலே போகட்டும், காலால் முன்னே அனுப்பி 20 மீட்டர் வட்டத்தில் சுற்றுங்கள், தலை இறங்கிய நொடியில் விரலைத் தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் பாடம். ஒரு நொடி தாமதித்தால் குதிரைக்கு எதற்காகக் கிடைத்தது என்று புரியாது.

மோவாயை நெஞ்சோடு ஒட்டினால், முன்னே போ என்று கால் கொடுத்து வாரைக் கொஞ்சம் நீளமாக்குங்கள். கல்யாண ஊர்வலத்துக்கு ஆடப் பழக்கிய குதிரைகளில் இதைப் பார்க்கலாம், கழுத்தை வளைத்தால்தான் வலி நிற்கும் என்று கற்றிருக்கும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மாதக்கணக்கில் பொறுமை தேவைப்படும் குதிரை இது.

கையில் சாய்ந்து இழுத்தால், குறிப்பாக ரேஸ் குதிரை, நீங்கள் பதிலுக்கு இழுக்காதீர்கள். பிட்டில் சாய்ந்துகொண்டு வேகமாக ஓடத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள், இழுக்க இழுக்க ஓடும். பிடி, விடு, பிடி, விடு. நடையிலிருந்து நிற்பது, நின்றதிலிருந்து நடை, நடையிலிருந்து ட்ராட் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் சாய நேரம் கிடைக்காது. இடது வலது என்று மாறி மாறி, ரம்பம் அறுப்பது போல வாரை இழுப்பது மட்டும் வேண்டாம்.

ஒரு பக்கமாகவே இழுத்தால் வேறொருவரை ஏற்றிப் பாருங்கள். அவருக்கும் அதே பக்கம் என்றால் குதிரையைப் பாருங்கள்: அந்தப் பக்கத்துப் பல், சேணம் தோளில் இடிக்கிறதா, லாடம், லேசான நொண்டல். அவருக்கு நேராகப் போகிறது என்றால் உங்கள் உட்காரும் விதத்தைப் பாருங்கள்.

இருபது நிமிட வேலை போதும், நடுவில் இரண்டு மூன்று முறை வாரை முழுசாக விட்டுக் கழுத்தை நீட்டி நடக்க விடுங்கள். ஆறு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுபடியும் இரண்டாவது படியிலிருந்து தொடங்குங்கள், எட்டாவதிலிருந்து அல்ல.

10. பராமரிப்பு

ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் பிட்டை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடற்கரையில் ஓட்டினால் கடிவாளம் முழுவதையும் துடைக்க வேண்டும், பக்கிளும் கொக்கியும்தான் முதலில் துருப்பிடிக்கும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் ஜூனிலிருந்து டிசம்பர் வரை தோலில் பூஞ்சை பிடித்துக்கொண்டே இருக்கும். நிழலில் காற்றாட உலர்த்தி மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் போடலாம், தோல் கறுக்கும், அதிகமாகப் போட்டால் தளர்ந்து நீளும். வாரும் கன்னப்பட்டையும் பிட்டோடு சேரும் மடிப்பை வாரம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள், அறுந்துபோவது எப்போதும் அந்த மடிப்பில்தான். புது வார் ஒரு ஜோடி ₹800-லிருந்து கிடைக்கிறது, ஒன்றை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பல் பரிசோதனைத் தேதியைத் தடுப்பூசித் தேதியோடு சேர்த்து அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் இரண்டுக்கும் டாக்டரை ஒரே நாளில் வரவழைக்கலாம்.